ஷோஜி உயிரோடு இருக்கிறான்

சம்பா அறுவடை முடிந்து, தரிசில் தெளித்த உளுந்து பச்சை காட்டத் தொடங்கியிருந்த ஒரு மாசி மாதத்தில், அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைக் கும்பகோணத்துக்குப் படம் பார்க்க அழைத்துப் போனேன். நண்பர்கள் சிலர் ஒரு துணிக்கடையின் மாடியில் வெள்ளைத் திரை கட்டி மாதம் இரண்டு படம் போடுகிறார்கள். முதல் ஞாயிறு யாசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’. அடுத்த ஞாயிறு, அதே கதையை அறுபது ஆண்டு கழித்து யோஜி யமாடா மறுபடி எடுத்த ‘டோக்கியோ ஃபேமிலி’. அப்பாவுக்கு ஜப்பானிய மொழியும் தெரியாது, கீழே ஓடும் ஆங்கில வரிகளும் தெரியாது. ஆகையால் இரண்டு படத்தையும் நான் அவர் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முன்வரிசையில் இருந்த ஓர் இளைஞர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை அவரும் பழகிக்கொண்டார்.

இரண்டாவது ஞாயிறு, படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இந்தப் பய யாரும்மா?”

“கடைசி மகன்ப்பா. ஷோஜி.”

“போன வாரம் செத்துப்போயிருந்தானே, அவனா?”

“அவன்தான்.”

“உசுரோட இருக்கானா?”

பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் அவர் பார்த்ததெல்லாம் ஷோஜியைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அவன் அப்பாவிடம் திட்டு வாங்கும்போது “வுடுய்யா, இருக்கானேன்னு நெனச்சுக்க” என்று திரையில் இருந்த கிழவரிடமே வாய்க்குள் சொன்னார்.

‘டோக்கியோ ஃபேமிலி’ வெளிவந்த காலத்தில் அதைப் பற்றி எழுதப்பட்ட மதிப்புரைகள் பலவற்றை நான் முன்பே படித்திருந்தேன். ஷோஜி உயிரோடு இருப்பது அவற்றில் பெரும்பாலும் ஒரு குறையாகவோ, காலத்துக்கு ஏற்ற சிறு திருத்தமாகவோதான் சொல்லப்பட்டிருந்தது. அவன் உயிரோடு இருப்பதைக் கண்டு ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரக்கூடும் என்று எவரும் எழுதியிருக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

ஓசுவின் படத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓனோமிச்சி என்ற துறைமுக ஊரில் இருக்கும் வயதான தம்பதி, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மூத்தவன் மருத்துவன், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள், இருவருக்கும் நேரமில்லை. பெற்றோரை அத்தாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைத்துக் கடமையை முடித்துக்கொள்கிறார்கள். போரில் இறந்துபோன மகன் ஷோஜியின் மனைவி நோரிகோ ஒருத்திதான் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பும் வழியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது. வீடு சேர்ந்ததும் இறந்துபோகிறாள். பிள்ளைகள் வந்து அழுது, சாப்பிட்டு, அம்மாவின் உடுப்புகளில் இன்னது வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். மருமகள் மட்டும் சில நாள் தங்குகிறாள். அவளுக்கு மாமனார் தம் மனைவியின் கடிகாரத்தைக் கொடுக்கிறார். அவ்வளவுதான். நம் ஊரில் தெருவுக்கு நான்கு வீட்டில் நடப்பது.

யமாடா 1954இல், அதாவது அந்தப் படம் வெளிவந்த மறு ஆண்டு, ஓசு வேலை பார்த்த அதே ஷோச்சிகு படத் தயாரிப்பு நிறுவனத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தவர். இளம் வயதில் தமக்கும் தம் தோழர்களுக்கும் ஓசு பழைய காலத்து ஆளாகத் தோன்றினார் என்று அவரே பேட்டிகளில் ஒத்துக்கொண்டிருக்கிறார். பிற்காலத்தில் அவர் எடுத்த தோரா-சான் வரிசை, 1969 முதல் 1995 வரை ஒரே நாயகனை வைத்து வந்த 48 படங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை அவரே இயக்கினார். ஒரே கதையைச் சலிக்காமல் திரும்பச் சொல்வது அவருக்குத் தொழில். ‘டோக்கியோ ஸ்டோரி’யில் கிழவராக நடித்த சிஷு ரியூதான் அந்த வரிசையில் கோயில் குருவாகவும் நெடுங்காலம் வந்தார். அதாவது ஓசு படத்து அப்பா பல ஆண்டுகள் யமாடாவின் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டால், படத்தின் முடிவில் வரும் ‘ஓசுவுக்குக் காணிக்கை’ என்ற வரி வெளியாள் செலுத்தும் மரியாதையாகத் தெரியாது. ஒரே முற்றத்தில் வளர்ந்த பிள்ளை போடும் திதி போலத் தெரியும்.

படப்பிடிப்பு 2011 ஏப்ரலில் தொடங்குவதாக இருந்தது. மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் வந்தன. அதற்கு முன் எழுதிய திரைக்கதையை அப்படியே எடுக்க மனமில்லாமல் யமாடா வேலையை நிறுத்தினார், திருத்தி எழுதினார். இடையில் பெற்றோராக நடிக்க இருந்தவர்களும் மாறினார்கள். இசாவோ ஹஷிஸுமேயும் கஸுகோ யோஷியுகியும் வந்தார்கள். படம் 2013 ஜனவரியில் ஜப்பானில் வெளியாகி, பிப்ரவரியில் பெர்லின் விழாவில் சிறப்புத் திரையிடலாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டு ஸ்பெயினின் வல்லாடோலிட் விழாவில் முதல் பரிசான தங்கக் கதிரைப் பெற்றது. ஜப்பான் அகாதமி விருதுகளில் சிறந்த படத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இருந்தது, விருது வேறு படத்துக்குப் போனது. இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் நல்ல வரவேற்புதானே என்று தோன்றும். ஆனால் விழாவுக்கு வந்த விமர்சகர்களில் பலர் எழுதியதைப் படித்தால், ஒரு பெரியவரின் வீட்டு விசேஷத்துக்கு மரியாதைக்காகப் போய், மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் வந்தவர்களின் தொனி கேட்கிறது. நேர்த்தியான படம், நல்ல நடிப்பு, ஆனால் எதற்காக? இந்த ‘எதற்காக’தான் அந்த மதிப்புரைகளின் பல்லவி.

அந்தக் கேள்விக்கு ஒரு காலப் பொருத்தமும் இருந்தது. படம் வருவதற்கு ஐந்து மாதம் முன்புதான், 2012 ஆகஸ்டில், ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் உலக இயக்குநர்கள் சேர்ந்து ‘டோக்கியோ ஸ்டோரி’யை எல்லாக் காலத்துக்குமான முதல் படமாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விமர்சகர்களின் பட்டியலில் அது மூன்றாவது. கர்ப்பக்கிரகத்துக்கு அப்போதுதான் குடமுழுக்கு நடந்திருக்கிறது, அதற்குள் ஒருவர் எதிரிலேயே இன்னொரு கோயில் கட்டினால் எப்படி இருக்கும்?

ஆகவே ஒப்பீடு முழுவதும் ஓசுவின் வழிபாட்டு முறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதைப் பற்றியதாகப் போய்விட்டது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், பாயில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை மட்டத்தில் வைத்த கேமரா. 50 மில்லிமீட்டர் லென்ஸ். அசையாத சட்டகம். ஒரு காட்சிக்கும் இன்னொன்றுக்கும் இடையில் வரும் கொடித்துணியும் புகைபோக்கியும். யமாடா இவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறார், சிலவற்றை விட்டுவிடுகிறார். கேமராவைச் சில இடங்களில் தாழ்வாக வைக்கிறார், ஆனால் ஓசுவாகவே வேடம் போடுவதில்லை. எடுத்துக்கொண்ட இடத்தில் ‘நகல்’ என்றும், விட்ட இடத்தில் ‘ஓசு இப்படிச் செய்திருக்க மாட்டார்’ என்றும் எழுதினால் எவராலும் தேற முடியாது.

சுவாமிமலையில் ஒரு பட்டறையில் நின்று பார்த்தது இங்கே நினைவுக்கு வருகிறது. ஸ்தபதி ஒருவர் தென்னை ஓலைத் துண்டு ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்துத் தாள அளவுகளை, அதாவது உடலுறுப்புகளின் விகிதங்களை, குறித்துக்கொண்டிருந்தார். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு. மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, சூட்டில் மெழுகை வடித்து, உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அந்த மண் கூட்டை உடைத்துவிடுகிறார்கள். அதனால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். சோழர் காலத்து நடராசர் இருக்கும்போது நீங்கள் ஏன் இன்னொன்று செய்கிறீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. இந்த உவமையோடு யமாடாவுக்கு வக்காலத்து வாங்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது முழுதாகப் பொருந்தவில்லை. சிற்பிக்குச் சாஸ்திரம் இருக்கிறது. ஓசு ஓலை எதையும் மடித்துக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவருக்கு இருந்தவை பழக்கங்கள். அவற்றைத் தாள அளவாக மாற்றியவர்கள் பின்னால் வந்த நாம்தான்.

இன்னொன்று, ஓசுவே மறுஆக்கத்துக்கு அஞ்சியவர் இல்லை. 1934இல் மௌனப் படமாக எடுத்த நாடோடி நாடகக் குழுவின் கதையை 1959இல் வண்ணத்தில் மறுபடி எடுத்தார். 1949இல் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகும் அப்பாவின் கதையை எடுத்தவர், 1960இல் அப்பாவுக்குப் பதில் அம்மாவை வைத்து ஏறக்குறைய அதே கதையை எடுத்தார். முதல் படத்தில் மகளாக நடித்த செட்சுகோ ஹாராதான் இரண்டாவதில் அம்மா. ‘டோக்கியோ ஸ்டோரி’க்கே பின்னால் ஒரு படம் இருக்கிறது. வயதான தம்பதியைப் பிள்ளைகள் பிரித்து வைக்கும் கதையாக அமெரிக்காவில் லியோ மெக்கேரி 1937இல் எடுத்தது அது. ஓசுவோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய கோகோ நோடா அதைப் பார்த்திருந்தார். ஆக, மூலம் என்று நாம் கும்பிடுவதும் ஒரு வகையில் இரண்டாம் ஊற்றல்தான்.

இதே ஓசுவுக்கு இன்னொருவர் செலுத்திய மரியாதையை விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஓசுவின் நூற்றாண்டான 2003இல், ஷோச்சிகு கேட்டுக்கொண்டதன்படி, தைவான் இயக்குநர் ஹோ சியாவ் சியென் டோக்கியோவில் எடுத்த படம் அது. ஓசுவின் கதை எதையும் அவர் தொடவில்லை. மணமாகாமல் கருவுற்ற பெண்ணும், ரயில்களின் ஓசையைப் பதிவுசெய்யும் ஓர் இளைஞனும், பேசத் தெரியாமல் பாசம் வைத்திருக்கும் ஓர் அப்பாவுமே படம். எனக்கும் அது மிகவும் பிடித்த படம். ஆயினும் ‘கதையைத் தொடாதே, வாசனையை மட்டும் எடுத்துக்கொள்’ என்பதுதான் மரியாதைக்கு ஒரே வழி என்று அதை வைத்துச் சட்டம் எழுதியது சரியில்லை என்று நினைக்கிறேன். கதையையே தொட்ட ஒருவர் மன்னிக்கப்பட்டும் இருக்கிறார். 1922இல் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எடுத்த இரத்தக்காட்டேரிப் படத்தை 1979இல் அதே நாட்டு இயக்குநர் வெர்னர் ஹெர்ஸாக் மறுபடி எடுத்தபோது அதைப் பெருமளவு வரவேற்றார்கள். நாஜிக் காலத்தால் அப்பாக்களை இழந்த தலைமுறை தாத்தாக்களிடம் போய்ச் சேர்கிறது என்று ஹெர்ஸாக் சொன்ன விளக்கமும் அந்த வரவேற்புக்கு உதவியது. பாட்டனாரை எளிதாகக் கும்பிட்டுவிடலாம். ஒரே நிறுவனத்தில், ஒரே நடிகரோடு வேலை பார்த்த அப்பாவின் இடத்தில் உட்காரும்போதுதான் ஊர் பேசும்.

இனி ஷோஜிக்கு வருகிறேன். யமாடாவின் ஷோஜி நாடக மேடைக்கு அரங்கம் அமைக்கும் வேலை செய்கிறான். நிரந்தர வருமானம் இல்லை, அப்பாவுக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துவர டோக்கியோ நிலையத்துக்குப் போய் நிற்கிறான், அவர்கள் ஷினாகவாவில் இறங்கியிருக்கிறார்கள். இந்தக் காட்சியில் மாடியில் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். டெல்டாவில் இந்த அனுபவம் இல்லாத குடும்பம் குறைவு. உழவன் ரயிலில் போன அப்பாவும் அம்மாவும் ஒரு முறை தாம்பரத்தில் இறங்கி, ஒரு தூக்கில் முறுக்கும் ஒரு சாக்கில் தேங்காயுமாக நடைமேடையில் நின்றார்கள். அண்ணன் எழும்பூரில் ஒவ்வொரு பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தான்.

இந்த ஷோஜிக்கு ஒரு நோரிகோ இருக்கிறாள். மனைவி இல்லை, கட்டிக்கொள்ளப் போகிறவள். பேரிடருக்குப் பின் ஃபுகுஷிமாவில் தொண்டு செய்யப் போன இடத்தில் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். அம்மா ஓர் இரவு மகனின் அறையில் தங்கும்போது அந்தப் பெண்ணைப் பார்க்கிறாள். அப்பாவுக்குத் தெரியாத ஒரு மகிழ்ச்சியை மடியில் கட்டிக்கொண்டு மறுநாள் திரும்புகிறாள். ஓசுவின் படத்திலும் அம்மா ஓர் இரவு நோரிகோவின் அறையில்தான் தங்குவாள், இறந்த மகனின் படுக்கையில் படுத்துக்கொள்வாள். இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, இரண்டாவதில் படுக்கையில் இருப்பவன் உண்மையாகவே குறட்டை விடக்கூடிய மகன் என்பது சாதாரணச் செய்தியாக இருக்காது.

விமர்சகர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓசுவின் நோரிகோ ஏன் நல்லவளாக இருக்கிறாள் என்பதற்குக் காரணமே கிடையாது. கணவன் இறந்து எட்டு ஆண்டாகிவிட்டது, அந்தக் குடும்பத்தோடு அவளைக் கட்டிவைக்கும் கயிறு அறுந்துபோய்விட்டது. ‘சில நாள் அவரை நினைப்பதுகூட இல்லை, நான் நீங்கள் நினைப்பது போல நல்லவள் இல்லை’ என்று அவள் மாமனாரிடம் உடைந்து அழும்போது, நன்மை என்பதும் ஒரு பாரம்தான் என்பதை அந்தப் படம் காட்டிவிடுகிறது. வருங்கால மருமகள் மாமியாரிடம் அன்பாக இருப்பதில் அந்தப் பாரம் இல்லை. நோரிகோவாக வரும் யூ அவோய் எவ்வளவு அழகாக நடித்தாலும், கடிகாரம் கை மாறும் இடத்தில் எனக்கு நெகிழ்ச்சிதான் வந்தது. போன வாரம் வந்தது வேறு. அதற்குப் பெயர் தெரியவில்லை. இது இழப்புத்தான், யமாடாவும் அறிந்தே செய்த இழப்பு என்று நினைக்கிறேன். ஃபுகுஷிமாவும் படத்துக்குள் முழுதாக இறங்கவில்லை. கூடத்தில் மாட்டிய படம் போல அடிக்கடி சுட்டிக்காட்டப்படுகிறது. ஜோ ஹிசாய்ஷியின் இசை சில இடங்களில் நம் தோளைத் தட்டி ‘இப்போது அழலாம்’ என்கிறது. ஓசுவின் படத்தில் இசை அப்படி நம்மைத் தொட்டதே இல்லை.

ஆனால் அப்பா என் கையைப் பிடித்ததை இவற்றில் எதனாலும் விளக்க முடியாது. ‘டோக்கியோ ஃபேமிலி’யை மட்டும் பார்ப்பவருக்கு ஷோஜி ஒரு உதவாக்கரைக் கடைக்குட்டி. ஓசுவின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கோ, புகைப்படமாக மட்டும் இருந்தவன் இறங்கி வந்து சோறு சாப்பிடுகிறான். அவன் தப்பான நிலையத்தில் போய் நிற்பதும், திட்டு வாங்குவதும், சுற்றுலாப் பேருந்தில் தூங்கி வழிவதும் நமக்குக் கிடைத்த உபரி. இந்த அர்த்தம் இந்தப் படத்திலும் இல்லை, அந்தப் படத்திலும் இல்லை. ஒரு வார இடைவெளியில் அப்பாவின் மனத்தில்தான் இருந்தது. தனித்தனியே எடைபோட்டுப் பழைய படி கனமா புதிய படி கனமா என்று பார்த்தவர்களின் தராசில் அது விழவில்லை. ஓசு போருக்குக் கொடுத்த பிள்ளையை, அவர் இறந்து ஐம்பதாவது ஆண்டில், அவருடைய பழைய உதவியாளர் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் திருப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது ஓசுவின் கலையை மென்மையாக்கும் செயல் என்றால், இருக்கட்டும்.

யமாடா செய்த இன்னொரு மாற்றம் பெரும்பாலும் கதை வசதிக்கானதாகவே பார்க்கப்பட்டது. ஓசுவில் அம்மா சொந்த ஊருக்கு வந்து, சொந்த வீட்டில், பாயில் படுத்து இறக்கிறாள். யமாடாவில் அவள் மூத்த மகன் வீட்டில் மயங்கி விழுந்து, டோக்கியோ மருத்துவமனையில் இறந்து, அஸ்திக் கலசமாகப் படகில் தங்கள் தீவு ஊருக்குத் திரும்புகிறாள். பழைய படத்தின் புகழ்பெற்ற விடியல், மனைவி இறந்ததும் கிழவர் வெளியே வந்து நின்று ‘அழகான விடியல், இன்றைக்கும் வெயில் அடிக்கும்’ என்று சொல்லும் விடியல், புதிய படத்தில் மருத்துவமனை மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறது. கடல் தெரிந்த இடத்தில் நகரக் கட்டடங்கள் தெரிகின்றன. காட்சி சிறுத்துப்போனது என்றுதான் நானும் முதல் முறை தனியாகப் பார்த்தபோது நினைத்தேன்.

அப்போது என் அம்மா உயிரோடு இருந்தாள். பிறகு அவள் சென்னையில், அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு மருத்துவமனையின் ஐந்தாவது மாடியில் இறந்தாள். இரவு பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு என்று ஊர்கள் தூங்கிக்கொண்டிருந்தன. அணைக்கரை வரும்போது கீழ்வானம் வெளுத்துவிட்டது. அந்தக் குறுகிய பாலத்தில் எதிரே ஒரு டிராக்டர் வந்ததால் வண்டி ஓரமாக நின்றது. கொள்ளிடத்தில் நடுவில் ஒரு கீற்றுத் தண்ணீர், மீதி மணல், மணலில் கொக்குகள். அப்பா கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டு, பெட்டிப் பக்கம் குனிந்து, “கொள்ளிடம் வந்தாச்சு, இன்னும் முக்கா மணிதான்” என்றார். அம்மா உயிரோடு சென்னையிலிருந்து திரும்பும்போதெல்லாம் அந்த இடத்தில் அவர் சொல்வது அதுதான். டிராக்டர் போனதும் ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.

எனவே இந்த முறை மொட்டை மாடிக் காட்சி வந்தபோது எனக்கு அது சிறுத்துத் தெரியவில்லை. 1953இல் ஊருக்கு வந்து இறக்க முடிந்தது. இப்போது நகரத்தில் இறந்துவிட்டு ஊருக்கு வருகிறோம். யமாடா மாற்றியது கதையை இல்லை. கதை நடக்கும் உலகம் மாறிவிட்டிருந்தது, அவர் அதற்குப் பின்னால் போனார்.

இதோடு வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘டோக்கியோ ஸ்டோரி’யை எடுத்தபோது ஓசுவுக்கு 49 வயது. எழுபது வயதுக் கிழவராக நடித்த சிஷு ரியூவுக்கும் 49தான். முதுமையைப் பற்றிய மிகச் சிறந்த படம் என்று உலகம் சொல்வது, முதியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நடுவயதுக்காரர்கள் எடுத்த படம். அதன் குற்றவுணர்வும் அதன் துல்லியமும் பிள்ளைகளுடையவை. ‘டோக்கியோ ஃபேமிலி’ வெளிவந்தபோது யமாடாவுக்கு 81. அது அப்பா எடுத்த படம். அப்பாக்கள் பிள்ளைகளை அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை, மன்னித்துவிடுகிறார்கள். மதிப்புரைகள் மென்மை, கனிவு, கூர் மழுங்கியது என்று வெவ்வேறு சொற்களில் குறைப்பட்டுக்கொண்டது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டாவது படத்தில் மூத்த மகனையும் மகளையும் நம்மால் வெறுக்க முடிவதில்லை. அவர்களுக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து இதே எட்டு நடிகர்களை வைத்து யமாடா ஒரு குடும்ப நகைச்சுவைப் படத்தையும் எடுத்தார். அந்தக் குடும்பத்தைவிட்டுப் போக அவருக்கு மனமில்லை போலும்.

இவ்வளவு பரிந்து பேசிய பிறகு என்னுடைய வழக்கையும் சொல்லிவிட வேண்டும். நான் படித்த எந்த மதிப்புரையும் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

ஓசுவின் குடும்பத்தில் கியோகோ என்று கடைசி மகள் ஒருத்தி உண்டு. மணமாகாதவள். ஓனோமிச்சியில் பள்ளி ஆசிரியை. பெற்றோரோடு இருப்பவள் அவள்தான். படம் தொடங்கும்போது அவர்களுக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். இறுதிச் சடங்குக்குப் பின் அண்ணனும் அக்காவும் அப்படி அவசரமாகப் போனதைச் சொல்லிக் கோபப்படுபவளும் அவள்தான். “வாழ்க்கை ஏமாற்றமாக இருக்கிறது இல்லையா?” என்று அவள் கேட்க, நோரிகோ புன்னகையோடு “ஆமாம்” என்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பலர் அந்தப் படத்தைத் தலையில் தூக்கிவைத்திருக்கிறார்கள். யமாடாவின் படத்தில் கியோகோ இல்லை. குடும்பத்தில் பிள்ளைகள் மூன்று பேர்தான், மூவரும் டோக்கியோவில். கேட்பவள் இல்லாததால் அந்தக் கேள்விக்கே அங்கு இடமில்லை. தீவில் பெற்றோருக்கு ஒத்தாசையாக இருப்பது பக்கத்து வீட்டுப் பள்ளிச் சிறுமி.

நான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அண்ணனும் அக்காவும் சென்னையில். காலையில் அப்பாவுக்குச் சோறு வடித்து மூடிவைத்துவிட்டுத்தான் பேருந்துக்கு ஓடுகிறேன். முதல் முறை ‘டோக்கியோ ஸ்டோரி’யைப் பார்த்தபோது எல்லாரும் நோரிகோவைப் பார்த்து அழுதார்கள், நான் மட்டும் கியோகோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்த ஷோஜியைப் பிழைக்கவைத்த யமாடா, கூடவே இருந்த மகளை அழித்துவிட்டார். காரணமும் எனக்குத் தெரிகிறது, அதுதான் கூடுதல் வருத்தம். 2013இன் ஒரு ஜப்பானியத் தீவில் பெற்றோரோடு தங்கிவிட்ட முப்பது வயது மகள் நம்பும்படியான பாத்திரம் இல்லை. எங்கள் தெருவிலேயே பதினோரு வீட்டில் நான்கு பூட்டிக்கிடக்கிறது, மூன்றில் கிழவர்கள் மட்டும். உண்மையை எழுதினால் என்னை எழுத முடியாது என்று ஒரு படம் சொன்னால் எப்படியிருக்கும்! ஓசுவோ மணம் செய்துகொள்ளாதவர். வடக்குக் காமாகுராவில் தம் அம்மாவோடுதான் இருந்தார். அவள் 1962இல் இறக்கும் வரை இருந்தார், மறு ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, தம் அறுபதாவது பிறந்தநாளன்று, தாமும் போய்ச் சேர்ந்தார். கியோகோவை அந்த வீட்டில் வைத்தவருக்கு அந்த இடம் எதுவென்று தெரியும். அவருக்குக் காணிக்கை செலுத்திய படத்தில் அந்த இடம்தான் காலியாக இருக்கிறது.

படம் முடிந்து கலந்துரையாடலில் முன்வரிசை இளைஞர், ‘தேவையில்லாத ரீமேக்’ என்று தொடங்கி நன்றாகத்தான் பேசினார். கேமரா உயரம், லென்ஸ், இசை, எல்லாம் சரியாகச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

பேருந்தில் அப்பா சன்னலோரம் உட்கார்ந்தார். நாச்சியார்கோவில் தாண்டும் வரை பேசவில்லை. பிறகு கேட்டார்.

“போன வாரம் ஒரு டீச்சர் பொண்ணு இருந்துச்சே. காலையில சோறு கட்டி வச்சுட்டுப் போவுமே. அத இந்தப் படத்துல காணுமே?”

“இதுல அவ இல்லப்பா. எடுத்துட்டாங்க.”

“அப்ப அந்தக் கெழவனுக்குச் சோறு?”

“பக்கத்து வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு வருமே, நாய் வச்சிருக்குமே. அது பாத்துக்கும்னு காட்டுறாங்க.”

“அது படிக்கிற புள்ளைல்ல,” என்றார் அப்பா. “அது எத்தன நாளைக்கு?”

நடத்துநர் எங்கள் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார். அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்து, நான் முதலில் இறங்கட்டும் என்று நின்றார்.